நாற்றங்காலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

சுரங்க மண்மேட்டில் மரம் வளர்க்க வந்திருக்கிறீர்கள். நெய்வேலியில் மரம் வைப்பது பழைய வேலை. வெளிநாட்டுப் பூச்சி எப்போது வரும், வந்தால் எவ்வளவு தின்னும் என்று முன்கூட்டியே கணிப்பது உங்கள் தலைமுறை கற்றே ஆகவேண்டிய வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. உங்கள் மரத்துக்குச் சொந்த ஊர் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. முந்திரிக்குப் பிரேசில், சூபாபுலுக்கு மெக்சிகோ. விதையாக வந்ததால் இவற்றின் பூச்சிகள் பெரும்பாலும் பிறந்த மண்ணிலேயே நின்றுவிட்டன. அங்கே நின்றுபோன பூச்சிகளின் பட்டியலைத் தேடிப் படியுங்கள். வரப்போகிறவை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

2. பூச்சி இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் பாருங்கள். சூபாபுல் செடிப்பேன் 1984-இல் ஹவாயில் இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிலிப்பைன்சும் இந்தோனேசியாவும். 1987-இல் இலங்கை. 1988-இல் நம் செங்கல்பட்டு. இதை வரிசையாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்த எவருக்கும் அடுத்தது நாம்தான் என்று 1987-லேயே தெரிந்திருக்கும். தீவனத்துக்குச் சூபாபுலை நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஓராண்டு எவ்வளவு உதவியிருக்கும்!

3. தைல மரக் கழலைக் குளவியை நேரில் பார்க்காமல் யாரும் இந்த வேலைக்குத் தகுதி பெறுவதில்லை. லெப்டோசைபி இன்வேசா என்று பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இளந்தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டை வைக்கும். வைத்த இடம் புடைத்து, முதலில் பச்சையாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் மாறும். இலை சுருண்டு கோணும். குளவி வெளியேறிய பிறகு ஊசி குத்தியது போன்ற துளை இருக்கும். இந்தியாவில் 2001-இல் கர்நாடகத்து மாண்டியாவில் தென்பட்டது. அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 2004-இல்தான்! நம் பக்கத்து விழுப்புரம் வரையும் அது வந்து சேர்ந்துவிட்டது. பெண் குளவி ஆண் இல்லாமலே இனம் பெருக்கும். அதனால் ஒரு தட்டு நாற்றில் ஒன்று ஒளிந்திருந்தாலே போதும். பெரிய மரத்தைவிட நாற்றையும், வெட்டிய கட்டையில் அடிக்கும் துளிரையும்தான் அதிகம் தாக்கும். எல்லா குளோனும், அதாவது ஒரே தாய்மரத்திலிருந்து துண்டு எடுத்து வளர்த்த வகை எல்லாமும், ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஆகவே ஏக்கர் கணக்கில் ஒரே குளோனை நடுகிறவர் ஆபத்தைத் தானே பெருக்கிக்கொள்கிறார். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

4. கணக்கு போடத் தெரிய வேண்டும். வருவதற்கு வழி உண்டா, தின்ன மரம் உண்டா, நம் வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, மூன்றையும் பெருக்குங்கள், கூட்டாதீர்கள். எதில் பூஜ்யம் விழுந்தாலும் மொத்தமும் பூஜ்யம்.

பைன் மரத்தைத் துளைக்கும் சைரெக்ஸ் குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து கிளம்பி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, உருகுவே என்று போய், 1994-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் தென்பட்டது. நெய்வேலிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் பூஜ்யம்: பைனும் இல்லை, குளிரும் இல்லை. கொடைக்கானலுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே மரமும் உண்டு, குளிரும் உண்டு. மீதி இருப்பது வழி ஒன்றுதான்.

5. அந்த வழி நம் ஊர் வாசலிலும் திறக்கலாம். இங்கே வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் மரப்பெட்டியில் வந்து இறங்குகின்றன. சைரெக்ஸின் புழு மரத்துக்குள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பெட்டிப் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையும் நாட்டுக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ‘எச்.டி.’ என்று இருந்தால், பலகையின் உள்மையம் வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தது என்று பொருள். முத்திரை இல்லாத பலகையை யாரும் விறகுக்கோ வேலிக்கோ எடுத்துப்போக விடாதீர்கள்.

6. ஒரே மரத்தை மட்டும் தின்னும் பூச்சியைவிட, கண்டதையும் தின்னும் பூச்சிக்கு மதிப்பெண் கூட. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டது; மல்பெரியும் மரவள்ளியும் சேர்ந்து நாசமாயின. அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து சேர 2010 ஆகிவிட்டது.

7. புயலுக்குப் பிந்தைய மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துக் கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. தோப்பை இழந்தவர் அவசரத்தில் யார் கொடுத்த நாற்றையும் வாங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்று கொடுக்கும் நாம்தான் நல்ல நாற்று கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததைத் தனியே ஒதுக்கி வைத்துப் பார்த்த பிறகே வரிசையில் சேருங்கள்.

8. சந்தேகமான இலை கிடைத்தால் கையில் தூக்கிக்கொண்டு நாற்றங்காலைச் சுற்றாதீர்கள். அங்கேயே கிள்ளி, பாலிதீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, தேதியும் இடமும் குளோன் எண்ணும் எழுதுங்கள். கோவையில் உள்ள வன மரபியல், மரப்பெருக்கு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். பதில் வரும்வரை அந்தப் பாத்தியிலிருந்து ஒரு நாற்றுகூட லாரி ஏறக் கூடாது. மேலே இருப்பவர் அவசரப்படுத்தினாலும் சரி.