தந்தையின் சைக்கிள்

பதின்வயதினருக்கான நாவல்களில் நான் படித்தவற்றுள் பலவற்றில் குடும்பப் பாசம் சோதனையே இல்லாமல் வென்றுவிடும். அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’ அப்படிப்பட்டதல்ல. 1993-இல் வெளிவந்து, 1994-இல் நியூபெரி பதக்கம் பெற்ற நாவல் இது. மகளுக்காக வாங்கி, நானே முதலில் படித்து முடித்தேன்!

கதாநாயகன் ஜோனாஸுக்குப் பன்னிரண்டு வயது. அவன் ஊரில் பிள்ளைகளைப் பெற்றோருக்கு ஒதுக்கித் தருவது நிர்வாகம். தன்மேல் அன்பு உண்டா என்று ஒருநாள் கேட்கிறான். பெற்றோர் சிரிக்கிறார்கள், அது பொருளற்ற சொல்லாம். புரிந்தது என்கிறான். அவர்களிடம் அவன் சொல்லும் முதல் பொய் அது.

தந்தை கெட்டவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். சிசுக்களைப் பராமரிப்பது அவர் வேலை. சரியாக வளராத கேப்ரியல் என்ற குழந்தையை இரவில் வீட்டுக்கே எடுத்து வருபவர். அதே கைதான் இரட்டையரில் எடை குறைந்த சிசுவுக்கு ஊசி போட்டுக் கொல்கிறது. ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘விடுவித்தல்’. அந்தக் காட்சியைப் படப்பதிவில் ஜோனாஸ் பார்த்துவிடுகிறான்.

மறுநாள் காலை கேப்ரியலின் முறை என்று தெரிந்த இரவே, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். உணவைத் திருடுகிறான். குழந்தை இருக்கை இருப்பதால் தந்தையின் சைக்கிளையே எடுக்கிறான். வழியெல்லாம் பசி, குளிர். ஊரிலேயே இருந்திருந்தால் பட்டினி இல்லை. ஆனால் கேப்ரியலும் இல்லை.

மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: “அது கொலைன்னு அவங்க அப்பாவுக்குத் தெரியாதாப்பா?”

அவருக்குக் கற்பித்தது அவ்வளவுதான் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.