கர்ஸர் வகைகளைத் தெரிந்தெடுத்தல்

கார்த்திகைத் தீபத் திருநாளில் திருவண்ணாமலையில் தங்க இடம் கிடைப்பது எத்துணை அரிதென்பதை நாம் யாவரும் அறிவோம். அந்நாளில் ஒரு விடுதியின் அறைகளை இரண்டு எழுத்தர்கள் இரண்டு கணிப்பொறிகளின் வழியே ஒதுக்குவதாகக் கொள்வோம். 12ஆம் எண் அறை காலியென்று இருவர் திரையிலும் தோன்றுகின்றது. இருவரும் அதனைக் கொடுத்துவிடுகின்றனர். நள்ளிரவில் குழந்தைகளோடு வந்து நிற்கும் ஒரு குடும்பத்தார்க்கு இடமில்லை. இது எழுத்தரின் குற்றமா, நிரல் எழுதியவரின் குற்றமா? சிறிது ஆராய்வோம்.

தரவுத்தளத்தினின்று பெற்ற பதிவுகளை நிரலானது ஒவ்வொன்றாகப் படிப்பதற்குத் துணையாவது கர்ஸர். பேரேட்டின் வரிகளில் நாம் வைத்து நகர்த்தும் விரலை ஒப்பது அது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட ஏடிஓ என்னும் கருவித் தொகுதியில் இது நான்கு வகைப்படும்.

முதலாவது, முன்னோக்கி மட்டும் செல்லும் பார்வர்டு ஒன்லி. கிரிவலம் செல்வோர் இந்திர லிங்கந் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை திரும்பாது நடத்தல் போல, இதுவும் பின்செல்லாது. செலவு மிகக் குறைவு. பட்டியல் அச்சிடுவதற்கு இதுவே போதும். ஆயின், மொத்தப் பதிவுகள் எத்தனையென்று கேட்டால் -1 என்றே விடை வரும். அதனைக் கண்டு பதிவே இல்லையென மயங்கலாகாது.

இரண்டாவது ஸ்டாட்டிக். கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுத்தபின், சுவரில் நேரும் மாற்றம் தாளில் தோன்றாது. அவ்வாறே இவ்வகையும் திறந்த கணத்தின் நிலையை மட்டுமே காட்டும். முன்னும் பின்னும் செல்லலாம். நேற்றைய கணக்கை ஆராய்வதற்கு ஏற்றது.

மூன்றாவது கீசெட். இது பதிவுகளின் திறவெண்களை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளும். பிறர் திருத்திய செய்திகள் இதில் தெரியும். பிறர் புதிதாய்ச் சேர்த்த பதிவுகள் தெரியா.

நான்காவது டைனமிக். சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய யாவும், பதிவை எடுக்குந்தோறும் இதில் புலப்படும். அதற்கேற்பச் சேவையகத்திற்கு உழைப்பும் மிகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கர்ஸரைப் பயனர் கணிப்பொறியிலேயே வைக்குமாறு பணித்தால், நாம் எவ்வகையைக் கேட்டாலும் ஏடிஓ தருவது ஸ்டாட்டிக் வகையையே. டைனமிக் என்று எழுதிவிட்டோமென்று நம்பியிருப்பவர் பழைய படியையே பார்த்துக்கொண்டிருப்பர்.

இனி, நம் விடுதிக்கு வருவோம். டைனமிக் வகையைக் கொண்டால் துன்பம் தீருமோ? தீராது. எழுத்தர் பார்த்த கணத்திற்கும் எழுதிய கணத்திற்கும் இடையே மற்றவர் முந்திக்கொள்ளக் கூடுமன்றோ? புதிதாய்க் காட்டுதல் வேறு, காத்தல் வேறு. ஆதலின், 'இவ்வறை இன்னும் காலியாயிருப்பின் மட்டும் இப்பெயரை எழுதுக' என்று தரவுத்தளத்திற்கு ஒரே கட்டளையாக இடுதல் வேண்டும். மாறிய பதிவு 1 எனில் அறை நமது; 0 எனில் பிறர் முந்தினர் என்று உடனே அறிந்து வேறறை தேடலாம். இதற்குக் கர்ஸரே வேண்டுவதில்லை.

ஆகவே, நிரல் எழுதப் புகும் மாணவர் மூன்று வினாக்களை முதலில் தம்மைக் கேட்டுக்கொள்வாராக. பின்னோக்கிச் செல்லல் வேண்டுமா? பிறர் செய்யும் மாற்றம் தெரிதல் வேண்டுமா? பார்த்ததை நம்பி எழுதப்போகின்றோமா? முதலிரண்டிற்கும் இல்லையெனில் பார்வர்டு ஒன்லியே சாலும். மூன்றாவதற்கு ஆமெனில், எவ்வகைக் கர்ஸரையும் நம்பாது, எழுதும் கணத்திலேயே சோதித்தல் கடன். திரையில் தோன்றும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வாயிலில் காத்துநிற்கும் ஒரு குடும்பம் உண்டென்பதை நாம் மறவாதிருப்போமாக.