பட்ஜெரிகர் குஞ்சுகளைப் பேணும் முறை

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் கிளியை, ‘லவ் பேர்ட்ஸ்’ என்னும் பெயரால் இந்நாட்டில் பலர் வீடுகளில் வளர்க்கின்றனர். பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். எல்லா முட்டைகளையும் இட்டு முடிக்குமுன்பே அது அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 18 நாட்களில் பொரிக்கும். எனவே குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகவே வெளிவருகின்றன. கடைக்குஞ்சு மிகச் சிறியதாகத் தோன்றுவது இயல்பு.

அதனைக் கண்டு அஞ்சி, உடனே கையால் ஊட்ட முற்படுதல் கூடாது. பொரித்த குஞ்சுக்கு இறகில்லை, கண்ணும் திறந்திராது. தாயின் அணைப்பே அதற்கு வெப்பம். தாய் கக்கி ஊட்டும் பால் போன்ற நீர்மமே முதலுணவு.

கழுத்தடியிலுள்ள தீனிப்பையை நாள்தோறும் நோக்குக. அது புடைத்திருப்பின் தாய் ஊட்டுகிறது என அறியலாம். தொடர்ந்து வெறுமையாயிருப்பின், ஒத்த வயதுக் குஞ்சுகள் உள்ள வேறு கூட்டில் சேர்த்தல் நலம்.

அதற்கும் வழியில்லாதபோதே கையால் ஊட்டுதல் வேண்டும். குளிர்ந்த குஞ்சு உணவைச் செரிக்காது. ஆதலின் முதலில் உடலை வெதுவெதுப்பாக்குக. குஞ்சுகளுக்கென விற்கப்படும் மாவை வெந்நீரில் கரைத்து, வெப்பமானியால் அளந்து, 38 முதல் 40 டிகிரி சென்டிகிரேடில் துளித்துளியாக ஊட்டுக. சூடு மிகுந்தால் தீனிப்பை வெந்துபோகும். விரைந்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலிற் புகும். இவ்விரண்டுமே குஞ்சின் உயிரைப் போக்கவல்லவை.

ஏறத்தாழப் பத்தாம் நாளில் கண் திறக்கும்; ஐந்தாம் வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளிவரும். அதுவரை பெற்றோர்க்குத் தினையும் தூய நீரும் குறைவற அளித்தலே வளர்ப்போரின் தலையாய கடமையாகும்.