திருத்திய பதிப்பாய் ஒரு வட்டு

நுழையும்முன்

அச்சாகி வெளிவந்த நூலில் பிழைகள் கண்டறியப்பட்டால், பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று அதனுடன் இணைக்கப்படும். அடுத்த பதிப்பு வரும்போது அத்திருத்தங்கள் நூலின் உள்ளேயே இடம்பெற்றுவிடும். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பின்னர்க் கிடைத்த சுவடிகளையும் செய்திகளையும் கொண்டு அதன் அடுத்த பதிப்புகளைத் திருத்தி வெளியிட்டார். கணினியை இயக்கும் மென்பொருளுக்கும் இத்தகைய திருத்திய பதிப்புத் தேவைப்படுகிறது. பழைய கணினி ஒன்றுக்குப் புதிய வாழ்வு தரும் அப்பணியை விளக்குகிறது இப்பாடம்.

உறைந்து நிற்கும் காலம்

கணினியின் வன்பொருளுக்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று எல்லாப் பணிகளையும் ஒழுங்குபடுத்தும் மென்பொருளே இயங்குதளம். இயக்க அமைப்பு என்றும் இதனைக் கூறுவர். இதனைக் கணினியில் பதிப்பதற்கு உதவும் குறுவட்டு நிறுவல் வட்டு எனப்படும். வன்தட்டில் எதுவும் இல்லாத நிலையிலும் கணினியைத் தொடங்கிவைக்கும் ஆற்றல் அவ்வட்டுக்கு உண்டு.

தாம்பரத்தை அடுத்த ஊர் ஒன்றில் உள்ள பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பதினைந்து ஆண்டுகள் உழைத்த கணினி ஒன்றின் வன்தட்டுப் பழுதடைந்துவிடுகிறது. புதிய வன்தட்டினைப் பொருத்திய ஆசிரியர், அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த நிறுவல் வட்டினை எடுத்துக் கணினியில் இடுகிறார். அரைமணி நேரத்தில் கணினி இயங்கத் தொடங்குகிறது. எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றுகிறது.

ஆனால், அவ்வட்டு உருவான நாளோடு அதன் காலம் உறைந்துவிட்டது. அதற்குப் பின்னர்க் கண்டறியப்பட்ட குறைகளும் அவற்றுக்கான திருத்தங்களும் அதில் இல்லை. திருத்தங்களைப் பெறுவதற்குக் கணினியை இணையத்தில் இணைக்க வேண்டும். இணையத்தில் இணைப்பதற்கோ அத்திருத்தங்கள் முன்னரே கணினியில் இருந்தாக வேண்டும். இந்த முரண்பாட்டிலிருந்து விடுபடும் வழியே திருத்தங்களை வட்டினுள்ளேயே சேர்த்துவிடுவது.

இடைவெளியில் நுழைந்த புழு

இம்முரண்பாடு வெறும் கற்பனையன்று. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. அதிலிருந்த ஒரு குறைக்கு 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பின், ஆகஸ்ட் 11ஆம் நாள் முதல், அதே குறையின் வழியாக பிளாஸ்டர் என்னும் புழு உலகெங்கும் பரவியது. மருந்து முன்னரே வந்திருந்தது. அதனை உட்கொள்ளாதோரையே நோய் தாக்கியது.

பழைய வட்டிலிருந்து புதிதாக நிறுவப்பட்ட கணினிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. திருத்தத்தைப் பதிவிறக்குவதற்காக இணையத்தில் இணைந்த சில நிமிடங்களிலேயே அவற்றுள் பல புழுவுக்கு இரையாயின. பயனர் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை; இணைப்பில் இருப்பதே போதுமானதாக இருந்தது. 2004 ஆகஸ்டில் வெளிவந்த சர்வீஸ் பேக் 2 என்னும் திருத்தத் தொகுப்பு, பாதுகாப்புச் சுவரைத் தொடக்கத்திலேயே இயங்குமாறு செய்தது. அதனை உட்கொண்ட வட்டிலிருந்து நிறுவிய கணினி, பிறக்கும்போதே கவசம் அணிந்து பிறந்தது எனலாம்.

திருத்தங்களை வட்டிலேயே வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் வாரப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூர் முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. சென்னையின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் இணையமும் நாள்கணக்கில் தடைபட்டன. இணையத்தை நம்பியே கணினியைச் சீரமைக்க வேண்டுமெனில், இத்தகைய வேளைகளில் கைகட்டி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. திருத்திய வட்டு கையில் இருப்போருக்கு அந்நிலை இல்லை.

வட்டினை உருவாக்கும் முறை

விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்திய வட்டு உருவாக்கும் முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவதாக, மூல வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் படியெடுக்கப்படும். இரண்டாவதாக, திருத்தத் தொகுப்பினை ‘ஒருங்கிணை’ என்னும் பொருளுடைய கட்டளையோடு இயக்க வேண்டும். அப்போது அது, பணிசெய்யும் கணினியைத் திருத்தாமல், படியெடுத்த கோப்புறையில் உள்ள பழைய கோப்புகளை நீக்கிப் புதியவற்றை அவ்விடத்தில் வைக்கும். எக்ஸ்பிக்குரிய இறுதித் தொகுப்பான சர்வீஸ் பேக் 3, 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. முந்தைய தொகுப்புகளின் திருத்தங்களும் அதில் அடங்கியிருந்தமையால், அத்தொகுப்பு ஒன்றை இணைப்பதே பெரும்பகுதிப் பணியை முடித்துவிடும்.

மூன்றாவது படியிலேயே பலர் தவறுகின்றனர். கோப்புறையில் உள்ளவற்றை வெற்று வட்டு ஒன்றில் அப்படியே பதிந்தால், அவ்வட்டைக் கணினி படிக்கும். ஆனால் அதிலிருந்து தொடங்காது. தொடக்கத்திற்கு உதவும் சிறு நிரல் கோப்புகளின் வரிசையில் தென்படுவதில்லை. வட்டின் அமைப்பிலேயே தனியிடத்தில் அது பொதிந்திருக்கிறது. எனவே, மூல வட்டிலிருந்து அந்நிரலைத் தனியே பிரித்தெடுத்து, புதிய வட்டின் பிம்பத்தை உருவாக்கும்போது உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். பிம்பம் என்பது வட்டின் முழு உள்ளடக்கத்தையும் அமைப்பு மாறாமல் ஒரே கோப்பாகக் கொண்டிருப்பது. நான்காவதாக, அப்பிம்பம் வெற்று வட்டில் எழுதப்படும். பொதுவான குறுவட்டின் கொள்ளளவு 700 மெகாபைட்டு. பிம்பம் அவ்வளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

குறுவட்டு ஒவ்வொன்றும் 2048 பைட்டுகள் கொண்ட சிறு பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இப்பகுதிகள் சுழியத்திலிருந்து எண்ணப்படும். 17 என்னும் எண்ணுடைய பகுதி, தொடக்க நிரல் இருக்குமிடத்தைக் காட்டும் கைகாட்டியாகும். இம்முறைக்கு ‘எல் டொரிட்டோ’ என்று பெயர். பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1995ஆம் ஆண்டு இதனை வகுத்தன.

உருவாக்கிய வட்டினை உடனே பயன்படுத்துதல் கூடாது. மெய்நிகர் கணினி ஒன்றில் அதனை நிறுவிப் பார்ப்பது நல்லது. கணினியினுள் மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினியே மெய்நிகர் கணினி. அதில் நேரும் பிழையால் உண்மைக் கணினிக்குத் தீங்கில்லை. பதிவிறக்கிய திருத்தத் தொகுப்பு மாசற்றதா என்பதை அறியச் சரிபார்ப்பு எண் உதவும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். வெளியீட்டாளர் அறிவித்த எண்ணும் கையில் உள்ள கோப்பின் எண்ணும் ஒத்திருந்தால் மட்டுமே அதனை நம்பலாம்.

குரோம்பேட்டையும் தரமணியும்

மேற்கூறிய முறைக்கு ஓர் எல்லை உண்டு. தனியுரிமை மென்பொருளின் மூலநிரல் பயனருக்குக் கிடைப்பதில்லை. நிறுவனம் தரும் திருத்தங்களை மட்டுமே வட்டில் சேர்க்க முடியும். உரிமம் பெற்றவர் உரிமத்தின் வரம்புக்குள் தமக்கென வட்டு உருவாக்கிக்கொள்ளலாம். அதனைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கும் உரிமை அவருக்கில்லை. இவ்வெல்லையைக் கடக்கும் வழியை நாடிய முயற்சி ஒன்று தென்சென்னைப் பகுதியிலேயே வேரூன்றியது.

தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டித் தடத்தில் அமைந்துள்ள குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பெற்றது. எம்.ஐ.டி. என்று மக்கள் வழங்கும் இக்கல்லூரியே ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற இடம். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான இவ்வளாகத்தில் ஏ.யு. கே.பி.சி. ஆய்வு மையம் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டு நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நிறுவியது. குரோம்பேட்டை ஆய்வு மையமும், சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினி மேம்பாட்டு மையத்தின் சென்னைப் பிரிவும் இணைந்து அதனை நடத்தின. தரமணியில் உள்ள டைடல் பூங்காவில் சி-டாக்கின் சென்னை அலுவலகம் அமைந்துள்ளது.

இம்முயற்சியின் விளைவாக 2007ஆம் ஆண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் வெளிவந்தது. ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கமே இப்பெயர். 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்துவதற்கு ஏற்ப இது உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. இயந்திரம் ஒன்றாயினும் அதில் நுழைய வாயில்கள் இரண்டு இருந்தன.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். ஆகவே திருத்திய வட்டு உருவாக்குதல் அங்கே விதிவிலக்கன்று, வழக்கமான பணி. டெபியன் குழுவினர், வெளியிட்ட பதிப்பு ஒன்றில் சேர்ந்த திருத்தங்களைச் சில திங்களுக்கு ஒருமுறை தொகுத்து, நிறுவல் வட்டின் புதிய பிம்பங்களை வெளியிடுகின்றனர். பயனர் தமக்கு வேண்டிய மென்பொருள்களையும் தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்துத் தனி வட்டு உருவாக்குவதற்கான கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பள்ளி உருவாக்கிய வட்டினை அடுத்த பள்ளிக்குத் தடையின்றி வழங்கலாம்.

குறுவட்டு இயக்கி இல்லாத கணினிகளுக்கு இப்பிம்பங்களை விரலியிலும் எழுதலாம். குறுவட்டிலிருந்தும் விரலியிலிருந்தும் தொடங்கும் வண்ணம் டெபியனின் பிம்பங்கள் அமைக்கப்பட்டுள்ளன. எனினும், கோப்பினை விரலியில் வெறுமனே படியெடுத்தல் பயன் தராது. பிம்பத்தை எழுதுவதற்குரிய மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். அவ்வாறு எழுதும்போது விரலியில் இருந்தவை யாவும் அழிந்துபோகும் என்பதால், அவற்றை முன்னரே வேறிடத்தில் சேமித்தல் வேண்டும்.

திருத்துதலின் எல்லை

திருத்திய வட்டு பழைய கணினியை என்றும் இளமையோடு வைத்திருக்கும் என்று கருதிவிடுதல் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிவுற்றன. புதிய திருத்தங்கள் நின்றபின், எவ்வளவு கவனத்தோடு உருவாக்கிய வட்டும் மீண்டும் உறைந்த காலமாகிவிடும். 2017 மே மாதம் வானாக்ரை என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளை முடக்கியபோது, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விதிவிலக்காக ஒரு திருத்தம் வழங்கியது. எப்போதும் அத்தகைய விதிவிலக்கை எதிர்பார்த்திருக்க இயலாது.

கட்டற்ற மென்பொருளுக்கும் காலவரம்பு உண்டு. 2023இல் வெளிவந்த டெபியன் 12ஆம் பதிப்பில் 32 பிட்டுக் கணினிகளுக்கான நிறுவல் வட்டு இருந்தது. 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அது கைவிடப்பட்டது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. மூலநிரல் எல்லார்க்கும் கிடைப்பதால், உருவாக்கியவர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் அப்பணியைத் தொடர முடியும். தனியுரிமை மென்பொருளில் அக்கதவு அடைபட்டுள்ளது.

எனவே பழைய கணினியைக் காக்க விழைவோர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். இந்த இயங்குதளத்திற்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா? வருமாயின், அவை நிறுவல் வட்டில் சேர்ந்துள்ளனவா? வாராவிடின், இக்கணினி இணையத்தில் இணைக்கப்படத்தான் வேண்டுமா? பழைய அச்சுப்பொறியையோ ஆய்வுக் கருவியையோ இயக்க மட்டுமே பயன்படும் கணினியை இணையத்திலிருந்து விலக்கி வைப்பது அறிவுடைமை. மாணவர் பலர் அமர்ந்து இணையத்தில் உலவும் கணினிக்கோ, திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே பொறுப்புடைமை.

சுவடிகளைப் படியெடுத்த முன்னோர், முன்பு எழுதியவரின் பிழைகளை அறியாமல் அப்படியே பெயர்த்தெழுதியதும் உண்டு. ஒப்புநோக்கித் திருத்தி எழுதியதும் உண்டு. பின்னவர் உழைப்பால்தான் நல்ல பாடங்கள் நிலைபெற்றன. அலமாரியில் உள்ள பழைய வட்டு ஒன்றைப் பிரதி எடுப்பவருக்கும் அவ்விரு வழிகளும் திறந்தே உள்ளன. அவர் தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்தே, நாளை அக்கணினியின் முன் அமரப்போகும் மாணவரின் பாதுகாப்பு அமையும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள இயங்குதளங்களின் பெயர், பதிப்பு, அவற்றுக்கான ஆதரவு முடியும் நாள் ஆகியவற்றைத் தொகுத்து அட்டவணைப்படுத்துக.

2. ‘கோப்புகளை மட்டும் படியெடுத்தால் வட்டு தொடங்காது’ – காரணம் கூறி விளக்குக.

3. நூல் பதிப்புப் பணிக்கும் மென்பொருள் திருத்தப் பணிக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.