சாணக் குழியில் விளையும் அபூர்வத் தாது

மணிச்சத்து தரும் தாது என்றால் பாறைப் பாஸ்பேட்தான் விவசாயிகளின் நினைவுக்கு வரும். அது சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. இயற்கையில் வெகு அபூர்வமாகவே அகப்படும் இன்னொரு பாஸ்பேட் தாதுவும் உண்டு. அதன் பெயர் ஸ்ட்ரூவைட். மக்னீசியம், அம்மோனியா, பாஸ்பேட் ஆகிய மூன்றும் நீருடன் சேர்ந்து படிகமாக உறைவதே இது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1842-ல் ஏற்பட்ட பெருந்தீயில் புனித நிக்கோலாய் தேவாலயம் எரிந்துபோயிற்று. அதைத் திரும்பக் கட்டுவதற்காகத் தோண்டியபோது, பழங்காலத்துச் சாணமும் கழிவும் ஊறிய மண்ணில் இந்தப் படிகங்கள் கிடைத்தன. உலெக்ஸ் என்னும் வேதியியலார் 1845-ல் இவற்றை விவரித்து, ஸ்ட்ரூவ என்னும் அறிஞரின் பெயரை வைத்தார். ஆஸ்திரேலியாவில் ஸ்கிப்டன் என்ற ஊருக்கு அருகிலுள்ள குகையில் வௌவால் எச்சத்திலும் இது காணப்படுகிறது. டப்பாவில் அடைத்த மீனில் சில சமயம் கண்ணாடித் துண்டுபோல் தென்படுவதும் இதுவே. தின்றால் கெடுதல் இல்லை.

ஸ்ட்ரூவைட் நகத்தால் கீறக்கூடிய அளவு மிருதுவானது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கால் கிராம்கூடக் கரையாது; புளிப்பு, அமிலம் பட்டால் கரைந்துவிடும். சூடு பட்டால் அம்மோனியா வெளியேறி வெளுத்துப் பொடியாகும்.

நகரக் கழிவுநீர் நிலையங்களில் இது குழாய்க்குள் கல்லாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். தொல்லையாக இருந்த இதையே இப்போது உரமாகப் பிரித்தெடுக்கிறார்கள். நேபாளத்தில் சித்திப்பூர் கிராமத்தில் மனித மூத்திரத்தில் மக்னீசியம் கலந்து இதை எடுத்துப் பார்த்தார்கள். மணிச்சத்தில் பெரும்பகுதி படிந்துவிடுகிறது. தழைச்சத்தில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடுகிறது.

சுத்தமான ஸ்ட்ரூவைட் 100 கிலோவில் மணிச்சத்து சுமார் 29 கிலோ, தழைச்சத்து 5.7 கிலோ, மக்னீசியம் 9.9 கிலோ உள்ளன. மணிச்சத்துக் கணக்கில் இது ஏறத்தாழ 180 கிலோ சூப்பர் பாஸ்பேட்டுக்குச் சமம். ஆனால் மெதுவாகவே கரையும். புளிப்பு மண்ணில் நன்றாக வேலை செய்யும். சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில் குருணை அப்படியே கிடக்கும். இளம்பயிரின் முதல் பசிக்கு இதை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல. சாம்பல் சத்து இதில் கிடையாது.

உரமாகும் இதே தாது ஆட்டின் உடலுக்குள் விளைந்தால் எமனாகிவிடும். தானியமும் தவிடும் அதிகமாகத் தின்று கொழுக்கும் கிடாக்களுக்கு, முக்கியமாகச் சிறு வயதிலேயே காயடித்தவற்றுக்கு, மூத்திரத்தில் இக்கல் உண்டாகிறது. பெட்டைக்கு வழி அகலம் என்பதால் அடைப்பது அரிது. கிடாவின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது. மணல் அளவு கல் போதும்.

தீவனத்தில் மணிச்சத்து ஒரு பங்கு என்றால் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு இருக்க வேண்டும். தவிட்டில் இந்த விகிதம் தலைகீழாக உள்ளது. ஆகவே தவிட்டைக் குறைத்து, வேலிமசால், அகத்தி போன்ற தழைகளைச் சேர்ப்பது நலம். தொட்டியில் நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். தீவனத்தில் சிறிது உப்புக் கலந்தால் ஆடு கூடுதலாகக் குடிக்கும். காயடிப்பதைச் சில மாதம் தள்ளிப்போட்டால் குழாய் அகலமாக வளரும்.

முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தல், வயிற்றை உதைத்தல், குறிமுனை மயிரில் வெள்ளை மணல் ஒட்டியிருத்தல் ஆகியவை அடையாளங்கள். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது. அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் மூத்திரப்பை வெடித்து ஆடு இறந்துவிடும்.