அதிகம் ஓடாத மெஷின்

திண்டுக்கல்லில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பத்து வருஷமாக டிசைனராக இருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் போன் செய்தார். சொந்தமாக சைன் போர்டு கடை போடப்போகிறார். பழைய இகோ சால்வென்ட் மெஷின் ஒன்று, ஆறு அடி அகலம், விலைக்கு வந்திருக்கிறது. “அண்ணே, அவங்க அதிகம் ஓட்டவே இல்ல. மேல போட்ட கவர்கூடப் புதுசா இருக்கு” என்றார். எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்டேன். ஏழு மாதமாம். வேண்டாம் தம்பி என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது. முன்பணம் கொடுக்க வீட்டு நகையை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

அன்றும் அதற்குப் பிறகும் அவரிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய பிரிண்டர் தேடி என்னிடம் வருகிறவர்கள் அனேகமாக இதே நம்பிக்கைகளோடுதான் வருகிறார்கள்.

நம்பிக்கை: குறைவாக ஓடிய மெஷின்தான் நல்ல மெஷின்

பைக்கும் டிராக்டரும் வாங்கிய பழக்கத்தில் வரும் நினைப்பு இது. கிலோமீட்டர் குறைவு என்றால் தேய்மானம் குறைவு. இங்க் ஓடும் மெஷினுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

எப்சன் டிஎக்ஸ்5 ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பொருளில் வரிசைக்கு 180 வீதம் 8 வரிசைகளில் 1,440 நாசில்கள். இப்போது பரவலாகப் புழங்கும் ஐ3200 ஹெட்டில் 3,200. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய துளை. துளைக்குள் நிற்கும் இங்க்கிலிருந்து சால்வென்ட் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிறமியும் பிசினும் மிஞ்சும். தினமும் ஓடும் மெஷினில் புது இங்க் வந்து பழையதைத் தள்ளிவிடும். நிற்கும் மெஷினில் அது துளைக்குள்ளேயே இறுகும். ஹெட்டின் அடியில் ஒட்டி நின்று ஈரம் காக்க வேண்டிய கேப்பிங் ரப்பர் விறைத்துப்போகும். டேம்பரின் சல்லடையில் கசடு படியும். பம்ப்பின் குழாய் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

ஆடியும் மார்கழியும் நம் தொழிலில் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முகூர்த்தம் இல்லை, கல்யாண பேனர் இல்லை. அந்த மாதங்களிலும் தினம் காலையில் கடை திறந்து, ஒரு நாசில் செக் எடுத்து, நான்கு வண்ணத்திலும் ஓர் அடிப் பட்டை அடித்துவிட்டு மூடியவரின் மெஷின் ஐந்து வருஷம் ஓடியிருந்தாலும் நம்பிப் பார்க்கலாம். அதனால் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை வருஷம் என்று அல்ல. கடைசியாக வாடிக்கையாளருக்கு அடித்துக் கொடுத்த வேலை எது, எந்தத் தேதியில் என்று கேட்பேன். பில் புத்தகம் அதற்குப் பதில் சொல்லும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு அல்ல. 2014ல் நானும் எட்டு மாதம் பிளாஸ்டிக் தாளுக்குள் நின்ற மெஷின் ஒன்றை வாங்கினேன். நான் பார்க்கப் போன அன்று நன்றாகவே அடித்தது. முந்தைய நாள் முழுக்க கிளீனிங் திரவத்தில் ஹெட்டை ஊறவைத்து எழுப்பியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கடைக்கு வந்த பதினோராம் நாள் மெஜந்தா போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா பேனர் பாதியில் நின்றது. அன்று இரவு என் மனைவி ஒன்றும் பேசாமல் கழற்றி வைத்த வளையல்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. இந்தப் பத்தியை எழுத அதுதான் காரணம்.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். ஹெச்பியின் லேடெக்ஸ் மெஷின்கள் 2008ல் வந்தவை. அவற்றின் ஹெட் வெப்பத்தால் துளியைத் தள்ளுவது, தேய்ந்தால் நாமே மாற்றிக்கொள்வது. அங்கே ஹெட் காய்ந்ததா என்ற பயம் குறைவு. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு ஹெட்டும் பாகங்களும் இன்னும் கிடைக்கின்றனவா, மை உலர்த்தும் ஹீட்டருக்குத் தேவையான மின்சாரம் உங்கள் கடை இணைப்பில் உண்டா என்பவைதான் கேள்விகள்.

நம்பிக்கை: நாசில் செக் சுத்தமாக வந்தால் ஹெட் சுத்தம்

ஒரே ஒரு நாசில் செக் எதையும் சொல்லாது. மூன்று எடுங்கள். போனவுடன், கிளீனிங் எதுவும் கொடுக்காமல் ஒன்று. கிளீனிங் கொடுத்த பிறகு ஒன்று. ஒரு மணி நேரம் விடாமல் அடித்த பிறகு ஒன்று. மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் கோடு இல்லை என்றால் அந்த நாசில் இறுகிவிட்டது, அல்லது மின்சாரம் போகாமல் செத்துவிட்டது. விடுபட்ட இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் ஹெட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காற்று புகுகிறது, டேம்பரோ கேப்பிங்கோ கெட்டிருக்கிறது. முதலாவது பெரிய செலவு. இரண்டாவது சில்லறைப் பாகங்களில் முடிந்துவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல மெஷினை விட்டுவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எத்தனை பாஸில் அடித்துக் காட்டுகிறார்கள் என்று திரையைப் பாருங்கள். பாஸ் கூடக் கூட ஒரே இடத்தின் மேல் வேறு வேறு நாசில்கள் பலமுறை போகும்; செத்த நாசில் விட்ட வெள்ளைக் கோட்டை மற்றவை நிரப்பி மறைத்துவிடும். 8 பாஸில் பட்டுப்போல வரும் படம் 4 பாஸில் பட்டை பட்டையாக வரலாம். 8 பாஸில் வேகம் ஏறக்குறைய பாதி. காலையில் ஆர்டர் கொடுத்துவிட்டு மாலையில் வாங்க வரும் ஊரில் நீங்கள் தினமும் 8 பாஸில் ஓட்டிப் பிழைக்க முடியுமா?

சோதனைக்கு உங்கள் ஃபைலையே பென் டிரைவில் கொண்டுபோங்கள். விற்பவர் வைத்திருக்கும் சாமி படமும் பூந்தோட்டமும் எந்தக் குறையையும் மறைக்கும். வெறும் சாம்பல் நிறத் தட்டை ஒன்று, 50 சதவீத அடர்த்தியில். அதில் பேண்டிங் எனப்படும் அந்தப் பட்டைகள் ஒளிய இடமே கிடைக்காது. பிறகு 1 மீட்டர் சதுரம் ஒன்று, கோடாக மட்டும். டேப் வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 1,414 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் ஹெட் ஓடும் தண்டவாளமும் மீடியா நகரும் திசையும் செங்கோணத்தில் இல்லை. பேனரில் அது தெரியாது. ஸ்டிக்கர் அடித்து பிளாட்டரில் வெட்டினால் வெட்டு எழுத்தின் மேலேயே ஏறும்.

நம்பிக்கை: “ஹெட் புதுசு, இப்பதான் மாத்துனோம்”

அப்படியென்றால் பழைய ஹெட் எதனால் போனது? இந்தக் கேள்வியைக் கேட்க மறக்கவே கூடாது. ஹெட் தானாகச் சாவது அபூர்வம். மடங்கிய மீடியாவில் இடித்திருக்கலாம். ஒரு கம்பெனி இங்க்கின் மேல் வேறொரு கம்பெனி இங்க்கை ஊற்றி, இரண்டும் சேர்ந்து கூழாகி அடைத்திருக்கலாம். எர்த் சரியில்லாமல் போர்டோடு சேர்ந்து எரிந்திருக்கலாம். காரணம் மெஷினுக்குள்ளேயே இருந்தால் புது ஹெட்டும் அதே வழியில் போகும்.

‘புதுசு’ என்ற சொல்லையும் சோதிக்க வேண்டும். சந்தையில் டிஎக்ஸ்5 ஹெட்களை அன்லாக், ஃபர்ஸ்ட் லாக், செகண்ட் லாக் என்று பிரித்து விற்கிறார்கள். இன்னொரு மெஷினில் ஓடிய ஹெட்டைக் கழுவிப் புதுப்பெட்டியில் போட்டுத் தருவதும் நடக்கிறது. வாங்கிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் அதைப் பழைய ஹெட் என்றே வைத்து விலை பேசுங்கள்.

நம்பிக்கை: பெரிய மெஷின் வந்தால் பெரிய ஆர்டர் வரும்

10 அடி மெஷின் மேல் நம் ஆட்களுக்குத் தனி மயக்கம். சிறிய சைன் போர்டு கடையின் வேலையை ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள். மூன்று, நான்கு அடி உயரக் கடை போர்டுகள், கண்ணாடிக் கதவு வினைல், மருத்துவமனை அறைப் பெயர்கள், வண்டி ஸ்டிக்கர். 4 அடி உயரம், 20 அடி நீளம் உள்ள போர்டு 6 அடி மெஷினில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வரும். நீளம் ரோலின் வழியே போகிறது. ஆனால் கோனிகா 512i ஹெட் பூட்டிய 10 அடி மெஷின்கள் 30 பிகோலிட்டர் துளி போடுபவை, தூரத்தில் நின்று பார்க்கும் ஹோர்டிங்குக்கென்று அமைந்தவை. எப்சன் ஹெட்டின் சிறிய துளி ஏறத்தாழ 4 பிகோலிட்டர்தான். கைநீட்டும் தூரத்தில் படிக்கும் வினைலில் இந்த வித்தியாசம் மணல் தூவியதுபோலத் தெரியும். 10 அடி மெஷினின் உடல் 14 அடியைத் தாண்டும் என்பதையும், உங்கள் கடை வாசலையும் ஒருமுறை சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பேனரை மட்டும் நம்பிப் பெரிய மெஷின் வாங்குவதில் இன்னொரு கனமான விஷயம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி அவர் இறந்தார். உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, கட்சிகள் பேனர் வேண்டாம் என்று அறிவித்தன. அதே ஆண்டு கேரள அரசு பிவிசி ஃப்ளெக்ஸையே தடை செய்தது. அந்தப் பெண்ணின் வீட்டை நினைத்தால் கட்டுப்பாடு வேண்டியதுதான் என்பேன். அந்த வேலையை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்றும் சொல்வேன்.

நம்பிக்கை: இகோ என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது

பழைய சால்வென்ட் இங்க்கைவிட வாசனையும் ஆவியும் குறைவு, அவ்வளவுதான். உள்ளே இருப்பதும் சால்வென்ட்தான். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, பக்கத்து அறையில் குழந்தையைத் தூங்க வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே தள்ளும் விசிறி கட்டாயம் வேண்டும். அடித்த வினைலை 24 மணி நேரம் ஆறவிட்டுத்தான் லேமினேஷன் போட வேண்டும் என்பதும் அந்த ஆவி வெளியேறத்தான்.

நம்பிக்கை: மெஷின் விலைதான் முதலீடு

ஒரு பேச்சுக்கு, மெஷின் 4 லட்சம், மாதம் 3,000 சதுர அடி வேலை, இரண்டு வருஷத்தில் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். 72,000 சதுர அடி. அடிக்கு 5 ரூபாய் 56 காசு. நடுவில் ஹெட்டும் போர்டும் சேர்ந்து ஒன்றரை லட்சம் கேட்டால் 7 ரூபாய் 64 காசு. இதில் இங்க் இல்லை, மீடியா இல்லை, மின்சாரமும் வாடகையும் இல்லை. உங்கள் ஊரில் அடிக்கு என்ன கேட்க முடியும் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ரிப் மென்பொருளின் டாங்கிளையும், மெஷினோடு ஓடிய கம்ப்யூட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய போர்டுகள் சில பழைய விண்டோஸில் மட்டுமே பேசும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கினால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை.

மெஷின் பார்க்கப் போகுமுன் உங்கள் ஊருக்கு ஒரே நாளில் வந்து சேரக்கூடிய சர்வீஸ்காரர் யார், அவர் எந்த மெஷின் தெரிந்தவர் என்று கண்டுபிடியுங்கள். அவருக்கு ஒருநாள் கூலி கொடுத்து அழைத்துப்போங்கள். விற்பவர் கைகாட்டும் ஆளாக அவர் இருக்கக் கூடாது.

திண்டுக்கல் தம்பி அப்படித்தான் செய்தார். ஒட்டன்சத்திரத்தில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் ஒன்று கிடைத்தது. மேலெல்லாம் மைக்கறை, கவரே இல்லை. மூன்று நாசில் செக்கிலும் ஒரே இடத்தில் இரண்டு கோடு மட்டும் விடுபட்டிருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்திருக்கிறார். மெஷினை இறக்குமுன் கடைக்குப் பின்னால் தனியாக எர்த் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று அனுப்பச் சொன்னேன். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் லாரியையே அனுப்பச் சொல்லாதே என்றேன். நேற்று மாலை படம் வந்தது. 1.4.