ஜீப்பின் ஸ்டியரிங் ஏன் ஆடுகிறது?

என் அப்பா பள்ளி செல்லாதவர். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறார். மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பூட்டித் தந்த வில்லிஸ் வகை வண்டி. சென்ற கோடையில் ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பியும் சக்கரம் அசையவில்லை. கொண்டை ஊசி வளைவில் இது உயிருக்கே ஆபத்து.

ஸ்டியரிங் பெட்டியின் திருகை முடுக்கப் போனேன், அப்பா தடுத்தார். நான் ஸ்டியரிங்கை இருபுறமும் அசைக்க, அவர் அடியில் படுத்து மூட்டுதோறும் கை வைத்தார். ஒருபக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டே தேய்ந்தது. அது டை ராடு முனை! சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். இரண்டும் நன்றாயிருந்தன.

முனையை மாற்றி, சக்கரங்களை நேராக வைத்து, கடைசியில்தான் திருகைச் சிறிது முடுக்கினோம். மிகுதியாக முடுக்கினால் வளைவுக்குப்பின் ஸ்டியரிங் தானே திரும்பாது.

நண்பர்களே, ஆய்வகத்தில் நான் கற்கும் முறையை அப்பா மலைப்பாதையில் கற்றிருக்கிறார்.